பொகோட்டாவில் ஹோட்டல் எடுப்பதும் பத்திரமாக இருப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவுக்கு முதல் முறையாகப் போகிறவர்களுக்காக எழுதப்பட்டது இது. நகரத்துக்குள் நான்கைந்து நாள் தங்கிச் சுற்றிப் பார்ப்பவர்களை மனத்தில் வைத்தது. மெடயீன், கார்த்தஹேனா போன்ற ஊர்களின் தட்பவெப்பமும் தொல்லைகளும் வேறு; அவை இங்கே இல்லை.

பொகோட்டா பயப்பட வேண்டிய ஊரா?

கார் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த 1980, 90-களின் பொகோட்டாவை நினைத்துக்கொண்டு போக வேண்டாம். இன்று வெளியூர்க்காரர்களுக்கு நேர்பவை பெரும்பாலும் செல்போன் பறிப்பு, பிக்பாக்கெட், டாக்சியில் மிரட்டி ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கவைப்பது, பானத்தில் மருந்து கலப்பது ஆகியவைதாம். இவை எதற்கும் திருடன் ஹோட்டல் கதவை உடைக்க வேண்டியதில்லை. வாசலுக்கும் வண்டிக்கும் நடுவில் நடக்கும், ஏ.டி.எம்.முக்கும் தெருமுனைக்கும் நடுவில் நடக்கும், அல்லது நாமே அறைக்கு அழைத்து வந்த ஆள் செய்வார்.

அதனால் ஹோட்டல் தேடும்போது நட்சத்திரம், நீச்சல் குளம், காலை உணவு இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இரவு எட்டு மணிக்கு மேல் சாப்பிட எங்கே போவேன், எப்படித் திரும்புவேன்? பதில் 'பக்கத்துத் தெருவுக்கு, நடந்தே' என்று வந்தால் பாதி வேலை முடிந்தது.

எந்தப் பகுதியில் அறை எடுப்பது?

முதல் பயணம் என்றால் பார்க்கே தே லா 93 பூங்காவைச் சுற்றியுள்ள சிக்கோ பகுதி. காயே 93, கரேரா 11-ஏ, 13 இவற்றுக்கு நடுவில் பூங்கா இருக்கிறது (காயே, கரேரா என்பவை எண்ணிட்ட தெருக்கள்; படிக்கும் முறை கீழே). சுற்றிலும் உணவகங்கள், தனியார் காவலர்கள், இரவு பத்து மணிக்கும் ஆள் நடமாட்டம். விலை கூடுதல்தான். ஆனால் ஒவ்வோர் இரவும் சாப்பாட்டுக்காக வண்டி பிடிக்க வேண்டியதில்லை என்பதைக் கணக்கில் சேருங்கள்.

சாப்பாட்டுக்காகவே பயணம் செய்பவர்களுக்கு சோனா ஜி, அதாவது காயே 69, 70-ஐ ஒட்டி கரேரா 5, 6 பக்கம். அதன் மேற்கே கின்டா கமாச்சோவில் பழைய செங்கல் வீடுகளைச் சிறு ஹோட்டல்களாக மாற்றியிருக்கிறார்கள். நகரத்திலேயே தங்க இனிமையான இடம் இதுதான் என்போம். ஒரு எச்சரிக்கை மட்டும்: அங்கிருந்து மேற்கே அவெனிதா கராகாஸ் என்ற பெருஞ்சாலையை நெருங்க நெருங்க இரவில் தெருவின் முகம் மாறிவிடும். இரண்டு கட்டடம் தள்ளிப் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று பார்த்தால், காரணம் அதுவாக இருக்கும். சப்பினேரோ என்ற பெரிய பெயருக்குள் எல்லாமே அடங்கிவிடும் என்பதால், முன்பதிவுத் தளத்தில் 'சப்பினேரோ' என்று போட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாமல் முகவரி எண்ணைப் பாருங்கள்.

சோனா டி (காயே 82 முதல் 85 வரை) பாதுகாப்பில் குறைவில்லை, தூக்கத்தில்தான் குறைவு. வியாழன் முதல் சனி வரை விடியற்காலை வரைக்கும் பாட்டுச் சத்தம் இருக்கும். உசாக்கென் அழகான பழைய கிராமத்துச் சதுக்கம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை புகழ்பெற்றது. ஆனால் நகரத்தின் வடகோடியில் இருக்கிறது, மாலை நெரிசலில் மையத்திலிருந்து திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சலித்ரே விமான நிலையச் சாலையில் இருக்கிறது. இரவு இறங்கிக் காலையில் அடுத்த விமானம் பிடிப்பவர்களுக்கு ஏற்றது. ஊர் பார்க்க வந்தவர்களுக்கு அங்கே ஒன்றுமில்லை.

அருங்காட்சியகங்கள் எல்லாம் பழைய நகர மையமான லா கண்டெலாரியாவில்தானே? அங்கேயே தங்கினால் என்ன?

பகலில் அதைவிட நல்ல இடம் இல்லை. பொலிவார் சதுக்கம், பொத்தேரோ அருங்காட்சியகம், சற்று வடக்கே தங்க அருங்காட்சியகம் எல்லாம் நடை தூரம். சிக்கல் மாலையில் தொடங்குகிறது. அலுவலகங்களும் கல்லூரிகளும் காலியானதும் தெருக்கள் வெறிச்சோடிவிடும். குறுகலான, மேடான தெருக்களில் ஒளிந்து நிற்க இடம் நிறைய. மேலே மலைப்பக்கம் உள்ள எஹிப்தோ குடியிருப்புக்குத் தனியாகப் போகவே கூடாது. கீழே கரேரா 10-ஐத் தாண்டினால் சான் விக்டோரினோ மொத்தவிலைச் சந்தை. அங்கே பகலிலும் பைமீது கை இருக்க வேண்டும்.

இளைஞர்கள், கையில் காசு குறைவு, ஹாஸ்டலில் தங்கி அங்கேயே சாப்பிட்டுப் படுத்துவிடுவோம் என்பவர்களுக்கு லா கண்டெலாரியா சரி. குடும்பத்தோடு போகிறவர்கள் வடக்கே தங்கிப் பகலில் வந்து போவதே மேல்.

இன்னொரு பெயர்க் குழப்பம்: 'சாந்தா ஃபே' என்பது பெரிய நிர்வாக வட்டாரத்தின் பெயர், அதில் சென்ட்ரோ இன்டர்நசியோனால் என்ற நல்ல அலுவலகப் பகுதியும் உண்டு. அதே பெயரில் அவெனிதா கராகாசுக்கு மேற்கே ஒரு குடியிருப்பும் இருக்கிறது, அது சிவப்பு விளக்குப் பகுதி. மிக மலிவான அறை 'சாந்தா ஃபே' என்று வந்தால் எது என்று வரைபடத்தில் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

காயே, கரேரா என்று எண்களாகவே இருக்கின்றனவே, முகவரியை எப்படிப் படிப்பது?

அரைமணி நேரம் செலவழித்துக் கற்றுக்கொள்ளுங்கள். பொகோட்டாவில் வழி தவறாமல் இருக்க இதைவிட நல்ல உபாயம் கிடையாது. நகரத்தின் கிழக்கே மலைத்தொடர் சுவர்போல நிற்கிறது. எங்கே நின்றாலும் மலை தெரிந்தால் அது கிழக்கு. கரேராக்கள் மலைக்கு இணையாக வடக்கு தெற்காக ஓடுபவை. மலையடிவாரத்தில் கரேரா 1, மேற்கே போகப் போக எண் கூடும். காயேக்கள் மலையை நோக்கி ஏறுபவை; வடக்கே போகப் போக எண் கூடும்.

'காயே 93, எண் 13-45' என்றால் காயே 93-இல், கரேரா 13 வெட்டும் முனையிலிருந்து சுமார் 45 மீட்டரில் உள்ள வாசல். இந்த ஒரு வரியை வைத்தே ஹோட்டல் எங்கே, பக்கத்துப் பெருஞ்சாலை எது, சோனா ஜி எவ்வளவு தூரம் என்று மனக்கணக்கில் சொல்லிவிடலாம்.

விபரீதம் ஒரே சொல்லில் வரும்: 'சூர்', அதாவது தெற்கு. காயே 1-க்குத் தெற்கே எண்கள் மறுபடியும் 1, 2, 3 என்று தொடங்குகின்றன, பின்னால் 'சூர்' ஒட்டிக்கொள்ளும். காயே 45 ஓரிடம். காயே 45 சூர் அதற்குப் பல கிலோமீட்டர் தள்ளி, முற்றிலும் வேறு இடம். ஆப்பில் முகவரி தட்டும்போது அந்தச் சொல் தானாக நுழைந்திருக்கிறதா, அல்லது விடுபட்டிருக்கிறதா என்று வண்டி கிளம்பும் முன் பாருங்கள்.

ஹோட்டல் முறையானதுதானா என்று எப்படி அறிவது?

கொலம்பியாவில் எந்தத் தங்கும் விடுதிக்கும், நாள் வாடகைக்கு விடும் வீட்டுக்கும்கூட, தேசியச் சுற்றுலாப் பதிவு எண் கட்டாயம். ஸ்பானிய எழுத்துகளின்படி அதை ஆர்.என்.டி. என்பார்கள். ஹோட்டலின் சொந்தத் தளத்தின் அடியிலும் முன்பதிவுத் தளத்தின் விவரப் பகுதியிலும் அந்த எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். 'வந்ததும் தருகிறோம்' என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

அறை எடுக்கும்போது ரிசப்ஷனில் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிப் படி எடுப்பார்கள், எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். சந்தேகப்பட வேண்டாம். வெளிநாட்டு விருந்தினர்களின் விவரத்தைக் குடிவரவுத் துறைக்கு அனுப்புவது அவர்கள் கடமை. பாஸ்போர்ட்டையே கடைசி நாள்வரை வைத்துக்கொள்கிறோம் என்றால்தான் மறுக்க வேண்டும்.

விருந்தினரைப் பார்க்க வருபவரின் அடையாள அட்டையை வாங்கிப் பதிந்துகொள்கிறார்களா என்று விமர்சனங்களில் தேடுங்கள். 'நண்பரை மேலே விடவில்லை, காசு கேட்டார்கள்' என்று யாராவது புலம்பியிருந்தால், பாதுகாப்பு நோக்கில் அது ஹோட்டலுக்கு நற்சான்று. இன்னொன்று: அந்நாட்டில் 'மோட்டல்' என்று பலகை இருந்தால் அது மணிக்கணக்கில் ஜோடிகளுக்கு விடும் அறை, மலிவாக இருக்கிறதே என்று குழந்தைகளோடு போய் நிற்காதீர்கள்.

தளத்தில் ஒரு விலை, கவுன்டரில் ஒரு விலை. ஏன்?

பெரும்பாலும் 'இவா' என்ற 19 சதவீத விற்பனை வரியால். கொலம்பியாவில் வசிக்காத வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிக்கு ஹோட்டல் அறைக்கு இந்த வரி விலக்கு உண்டு; பாஸ்போர்ட்டோடு நுழைவு முத்திரையையும் காட்ட வேண்டும். சில தளங்கள் வரியோடு காட்டும், சில இல்லாமல் காட்டும். முன்பணம் முழுவதையும் வரியோடு தளத்திலேயே கட்டிவிட்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு. ஆகவே ஹோட்டலில் நேரில் கட்டும் வகையைத் தேர்ந்தெடுத்து, அறை எடுக்கும் நேரத்திலேயே 'இவா விலக்கு' என்று சொல்லிவிடுங்கள்.

பில்லில் 'செகூரோ ஹொதெலேரோ' என்று ஆளுக்கு, இரவுக்குச் சிறு தொகை இருக்கலாம். அது காப்பீடு, விருப்பம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் நீக்கச் சொல்லலாம். உணவகத்தில் சேர்க்கும் 10 சதவீத டிப்ஸும் அப்படியே, சேர்க்கலாமா என்று முதலில் கேட்பார்கள்.

ஹோட்டலுக்குப் பதில் அபார்ட்மென்ட் எடுக்கலாமா?

சமையல் செய்ய வேண்டும் என்ற சைவக் குடும்பங்களுக்கு அது வசதிதான். ஆனால் இரண்டு விஷயங்கள். நகரத்தின் அடுக்குமாடிகளில் வாசலில் 24 மணி நேரக் காவலர் இருப்பார். அவர் பட்டியலில் உங்கள் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார். அந்தக் கட்டடத்தின் விதிகள் நாள் வாடகையை அனுமதிக்கவில்லை என்றால் உரிமையாளரே 'உறவினர் என்று சொல்லுங்கள்' என்பார். அப்படிச் சொல்லச் சொல்லும் வீட்டை விட்டுவிடுங்கள். நள்ளிரவில் பெட்டியோடு தெருவில் நிற்க நேரும். காவலர் இல்லாத, தெருவைப் பார்த்த தனிக் கதவு உள்ள வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் முதல் பயணத்துக்கு வேண்டாம்.

அறையில் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

குளிர். ஊட்டியைவிடச் சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பொகோட்டா: 2,640 மீட்டர். பகலில் 18, 19 டிகிரி, விடியலில் 8 டிகிரி வரை இறங்கும். ஆண்டு முழுவதும் ஏறக்குறைய இதே கதை, ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பரில் மழை அதிகம். ஏ.சி. பெரும்பாலான ஹோட்டல்களில் கிடையாது, தேவையுமில்லை. ஹீட்டரும் பலவற்றில் கிடையாது, அது தேவை. 'கலெஃபக்சியோன்' உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் கூடுதல் 'கோபீஹா', அதாவது கம்பளி.

சத்தம். 'அபித்தசியோன் இன்டீரியோர்' என்றால் தெருவைப் பார்க்காத உள்பக்க அறை. வெளிச்சம் குறைவு, தூக்கம் நிச்சயம். தரைத்தளத்தில் தெருவைப் பார்த்த சன்னல் உள்ள அறையை மறுத்துவிடுங்கள்.

மலிவு விடுதிகளில் வெந்நீர் கேஸ் கீசரில் வரும். கீசர் குளியலறைக்குள்ளேயே இருந்து காற்றுப் போக்கும் இல்லையென்றால் அந்த அறை வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

மின்சாரம் 110 வோல்ட். இரண்டு தட்டைக் கம்பிகள் உள்ள அமெரிக்க வகை பிளக். செல்போன், மடிக்கணினி சார்ஜர்கள் ஒரு அடாப்டர் இருந்தால் ஓடும்; ஊரிலிருந்து கொண்டுபோகும் 230 வோல்ட் கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியும் சூடேறாது, சுமக்க வேண்டாம். குழாய்த் தண்ணீர் பொகோட்டாவில் குடிக்கத் தகுந்தது.

எல் டொராடோ விமான நிலையத்திலிருந்து எப்படிப் போவது?

இரவு இறங்கினால் ஹோட்டலிடம் சொல்லி வண்டி அனுப்பச் சொல்வதே நிம்மதி; ஓட்டுநர் பெயரையும் வண்டி எண்ணையும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்தது முனையத்துக்கு வெளியே வரிசையில் நிற்கும் மஞ்சள் டாக்சி. வருகைக் கூடத்துக்குள்ளேயே வந்து 'டாக்சி, டாக்சி' என்று பெட்டியில் கை வைப்பவர் யாராக இருந்தாலும் தலையாட்டிவிட்டு நடந்துகொண்டே இருங்கள். மீட்டருக்கு மேல் விமான நிலையக் கட்டணமும், இரவு, ஞாயிறு, விடுமுறை நாள் கூடுதலும் உண்டு, அது ஏமாற்று இல்லை. முன் இருக்கையின் பின்புறம் ஓட்டுநர் படமும் கட்டணப் பட்டியலும் உள்ள அட்டை தொங்க வேண்டும். அட்டை இல்லாத வண்டியில் ஏறாதீர்கள்.

ஊபர், டிடி, கபிஃபை, இன்டிரைவ் எல்லாம் ஓடுகின்றன. ஊபரின் சட்டநிலை நீண்டகாலமாகவே இழுபறி. 2020 பிப்ரவரியில் நாட்டை விட்டே வெளியேறி அதே மாதம் திரும்பி வந்தது. ஓட்டுநர் 'ஒருவர் முன்னால் உட்காருங்கள்' என்றால் போலீஸ் நிறுத்தினால் நண்பர்கள்போலத் தெரியட்டும் என்பதற்காகத்தான். தனியாகப் போகும் பெண்கள் அதற்கு உடன்பட வேண்டியதில்லை, மறுத்துப் பின்னால் உட்காரலாம்.

தெருவில் கைகாட்டி டாக்சி நிறுத்தலாமா?

வேண்டாம், குறிப்பாக இருட்டிய பிறகு. 'பசேயோ மில்லியோனாரியோ' என்று ஊரே பெயர் வைத்திருக்கும் குற்றம் இதில்தான் நடக்கிறது. டாக்சி சிறிது தூரம் போய் ஓரிடத்தில் மெதுவாகும். பின்னால் வந்த வண்டியிலிருந்து இருவர் இறங்கி இரண்டு பக்கக் கதவையும் திறந்து உங்களை நடுவில் வைத்துக்கொள்வார்கள். கத்தி அல்லது துப்பாக்கி, கார்டு, பின் நம்பர், ஏ.டி.எம். ஏ.டி.எம்.மில் ஒரு நாள் உச்சவரம்பு இருப்பதால் நள்ளிரவுக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை எடுப்பதற்காகப் பதினொரு மணிக்கு மேல் பிடித்துவைத்துச் சுற்றுவதும் உண்டு.

தடுக்கும் வழி எளிது. உணவகமோ ஹோட்டலோ கூப்பிட்டுத் தரும் டாக்சி, அல்லது ஆப். தொலைபேசியில் கூப்பிட்டால் 'கிளாவே' என்று ஒரு சிறு எண் தருவார்கள். ஓட்டுநர் அதைக் கேட்பார், கேட்காவிட்டால் அது உங்கள் வண்டி இல்லை. வண்டி வாசலுக்கு வந்த பிறகே வெளியே வாருங்கள், எண் பலகையைச் சரிபாருங்கள், ஏறியதும் இரண்டு கதவையும் பூட்டுங்கள். நேர்ந்துவிட்டால் எதிர்க்காதீர்கள், கேட்டதைக் கொடுத்தால் ஓரிரு மணி நேரத்தில் இறக்கிவிடுவார்கள். இழப்பு எவ்வளவு என்பதை அன்று சட்டைப்பையில் எந்தக் கார்டு இருந்தது, அதன் வரம்பு எவ்வளவு என்பது முடிவு செய்யும்.

கார்டும் காசும் எப்படி வைத்துக்கொள்வது?

இந்திய வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே இருக்கும். கிளம்பும் முன் ஆப்பில் திறந்து, அதே இடத்தில் நாள் வரம்பையும் குறைத்து வையுங்கள். ஒரு கார்டு கையில், இன்னொன்று அறை லாக்கரில். கையில் உள்ள கணக்கில் அந்த வாரச் செலவுக்கு மேல் பணம் இருக்க வேண்டாம். ஓ.டி.பி. வருவதற்கு ஊர் சிம்மில் ரோமிங் வேண்டும். அந்த சிம் உள்ள பழைய போன் லாக்கரிலேயே இருக்கட்டும், வெளியே எடுத்துப் போகும் போனில் உள்ளூர் சிம் போதும்.

ஏ.டி.எம். என்றால் அந்தீனோ, யூனிசென்ட்ரோ போன்ற வணிக வளாகங்களுக்குள் உள்ளவை மட்டும். வங்கியிலிருந்து பணத்தோடு வெளியே வருபவரைப் பின்தொடர்ந்து பறிப்பதற்கே தனிக் கும்பல்கள் உண்டு; எடுத்ததும் தெருவுக்கு வராமல் உள்ளேயே ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். 'உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா' என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். கடையில் கார்டு நீட்டினால் 'குவாந்தாஸ் குவோத்தாஸ்' என்பார்கள், எத்தனை தவணை என்று பொருள். 'ஊனா' என்று சொன்னால் ஒரே தவணை. ஐம்பதாயிரம், ஒரு லட்சம் பெசோ நோட்டுகளை டாக்சிக்காரர் மாற்றித் தரமாட்டார், மாலுக்குள்ளேயே மாற்றிக்கொள்ளுங்கள். ரூபாயை அங்கே யாரும் வாங்குவதில்லை, டாலரோ யூரோவோ கொண்டு போங்கள்.

செல்போன்?

நடைபாதையில் நின்று வரைபடம் பார்ப்பதுதான் பறிகொடுப்பதற்கு மிக எளிய வழி. மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவரோ சைக்கிளில் வருபவரோ கையிலிருந்து உருவிக்கொண்டு போவார். வழி பார்க்க வேண்டுமென்றால் ஏதாவது கடைக்குள் நுழையுங்கள். காரில் போகும்போது சன்னலை இறக்கி மடியில் போன் வைத்திருப்பதும் அதே கணக்கில் சேரும். சிக்னலில் வண்டி நிற்கும்போது நடக்கும்.

டிரான்ஸ்மிலேனியோவில் போகலாமா?

2000-ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய தனித்தட பஸ் இது. நெரிசல் சாலையில் டாக்சி ஊர்ந்துகொண்டிருக்கும்போது பஸ் பறக்கும். 'துயாவே' கார்டு வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ள வேண்டும், பஸ்ஸில் காசு வாங்கமாட்டார்கள். காலை, மாலை உச்சநேரத்தில் உள்ளே காற்றுக்கே இடமிருக்காது; முதுகுப்பையைப் பிளேடால் கிழிப்பது அப்போதுதான். பத்து மணிக்கு மேல், நான்கு மணிக்கு முன் போய் வாருங்கள். பை முன்பக்கம் இருக்கட்டும். கதவருகே நிற்காதீர்கள், கதவு மூடும் நொடியில் போனைப் பறித்துக்கொண்டு குதித்துவிடுவார்கள்.

சாதாரண உடையில் வந்து 'போலீஸ்' என்று அட்டை காட்டினால்?

கள்ள நோட்டு சோதனை என்று பணப்பையைக் கேட்டால் அது மோசடி. உண்மையான போலீஸ் தெருவில் உங்கள் பணத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. பெரும்பாலும் கொஞ்ச நேரம் முன்பு உங்களிடம் வழி கேட்ட 'சுற்றுலாப் பயணி'யும் அதே கும்பல். அவர் முதலில் பணிந்து தன் பையைக் கொடுத்துக் காட்டுவார். பணிவாக 'வமோஸ் அல் காய்' என்று சொல்லுங்கள். சி.ஏ.ஐ. என்று பலகை உள்ள சிறிய போலீஸ் சாவடியை ஊரார் 'காய்' என்பார்கள். அங்கே போய்க் காட்டுகிறேன் என்று பொருள். போலி என்றால் நழுவிவிடுவார். பாஸ்போர்ட்டின் படி மட்டும் கையில் இருந்தால் அவருக்குப் பறிக்கவும் ஒன்றுமில்லை.

பானத்தில் மருந்து கலக்கிறார்களாமே?

ஸ்கோபொலமின். நம்மூர் ஊமத்தையின் உறவுச்செடியான பொர்ராச்சேரோ மரத்தில் உள்ள நஞ்சு இது. அங்கே 'புருந்தாங்கா' என்றும் சொல்வார்கள். நிறமும் மணமும் தெரியாது. அருந்தியவர் மயங்கி விழாமல், சொன்னதைச் செய்துகொண்டு, தானே பின் நம்பரைச் சொல்லி, தானே ஹோட்டல் அறையைத் திறந்துவிட்டு, மறுநாள் எதுவும் நினைவில்லாமல் எழுவார். அளவு கூடினால் உயிர் போகும். 2023 நவம்பர், டிசம்பர் இரு மாதங்களில் மட்டும் மெடயீனில் எட்டு அமெரிக்கர்கள் சந்தேகத்துக்குரிய வகையில் இறந்ததாக அமெரிக்கத் தூதரகம் எச்சரிக்கை வெளியிட்டது. அவற்றில் பலவற்றில் டேட்டிங் ஆப் வழியாகச் சந்தித்தவர்களுக்குத் தொடர்பு இருந்தது. பொகோட்டாவிலும் முறை இதுதான்.

காகிதத்தில் வைத்த பொடியை முகத்தில் ஊதினால் போதும் என்ற கதைகளுக்கு அதிகம் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் பானம்தான் வழி. கோப்பையை விட்டு எழுந்து போனால் திரும்பி வந்து அதைக் குடிக்காதீர்கள். புதிதாக அறிமுகமானவர் தரும் பானம், சிகரெட், மிட்டாய் எதையும் வாங்காதீர்கள். ஆப்பில் சந்திப்பவரைப் பொது இடத்தில் சந்தித்துப் பொது இடத்திலேயே விடைபெறுங்கள். அறைக்கு வந்தே தீருவார் என்றால் ரிசப்ஷனில் அடையாள அட்டையைப் பதியச் சொல்லுங்கள். பதிய மறுப்பவர் யார் என்று புரிந்துவிடும்.

கூட வந்தவருக்குக் கண்மணி விரிந்து, வாய் உலர்ந்து, நாடி வேகமாக ஓடி, பேச்சு குழறினால் 'தூங்கினால் சரியாகும்' என்று படுக்கவைக்காதீர்கள். அவசர எண் 123-க்கு அழையுங்கள் அல்லது நேரே ஆஸ்பத்திரியின் 'உர்ஹென்சியாஸ்', அதாவது அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். ரத்தம், சிறுநீரில் மருந்தின் தடயம் சீக்கிரம் மறைந்துவிடும்.

உயரத்தால் உடம்புக்கு ஏதாவது ஆகுமா?

கடல்மட்டத்தைவிட மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் சுமார் கால் பங்கு குறைவு. முதல் நாள் லேசான தலைவலி, படியேறினால் மூச்சிரைப்பு, இரவு அரைத்தூக்கம் பலருக்கு வரும். ஓரிரு நாளில் பழகும். அன்று மதுவைத் தவிருங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் கிளம்பும் முன்பே மருத்துவரைக் கேட்க வேண்டும். மேகமூட்டமாக இருந்தாலும் வெயில் தோலைச் சுடும்.

மொன்செராத்தே மலை உச்சி 3,152 மீட்டர்; அதை முதல் நாளுக்கு வைக்காதீர்கள். கேபிள் காரும் மலை ரயிலும் உண்டு. 1,600 படிகளுக்கு மேல் உள்ள நடைபாதை செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். ஏறுவதாக இருந்தால் கூட்டம் உள்ள காலை நேரத்தில் ஏறுங்கள். அடிவார நிலையத்துக்கும் லா கண்டெலாரியாவுக்கும் நடுவிலுள்ள சிறு தூரம்தான் வழிப்பறிக்குப் பேர்போனது. கிட்டத்தில் இருக்கிறதே என்று நடக்காமல் நிலைய வாசல்வரை வண்டியில் போய், வாசலிலிருந்தே வண்டியில் திரும்புங்கள்.

பறிகொடுத்துவிட்டால் முதலில் என்ன செய்வது?

லாக்கரில் வைத்த போனிலிருந்து கார்டுகளை முடக்குங்கள். பிறகு திருடப்பட்ட போனின் சிம்மை முடக்குங்கள். *#06# தட்டினால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை ஊரிலேயே எழுதிவைத்திருந்தால் போனையும் முடக்கலாம். காப்பீட்டுக்குப் போலீஸ் புகார்ப் படி கட்டாயம். 'அதெனுன்சியார்' என்ற அரசின் இணையப் புகார் முறையில் செய்யலாம், ஸ்பானிஷ் தெரிந்த ரிசப்ஷன்காரர் உதவுவார்.

பாஸ்போர்ட் போனால் பொகோட்டாவிலேயே இந்தியத் தூதரகம் இருக்கிறது. அவசரச் சான்றிதழ் கொடுத்தால் அது நாடு திரும்ப மட்டுமே. பலர் யோசிக்காத சிக்கல் இன்னொன்று: இந்தியாவுக்கு நேர் விமானம் இல்லை, வழியில் மாறும் நாட்டுக்கு விசா தேவைப்பட்டிருந்தால் அதுவும் அதே பாஸ்போர்ட்டோடு போய்விட்டது. வேறு வழியாகப் புதுச் சீட்டு எடுக்க நேரலாம். பாஸ்போர்ட்டை லாக்கரை விட்டு எடுக்காதீர்கள் என்று சொல்வதற்கு இதுவே முக்கியக் காரணம்.

விசா, தடுப்பூசி?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். 180 நாளுக்குக் குறையாமல் செல்லுபடியாகும் அமெரிக்க அல்லது ஷெங்கன் விசா வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. விதிகள் மாறுபவை, சீட்டு எடுக்கும் முன் கொலம்பிய வெளியுறவு அமைச்சகத் தளத்தில் பாருங்கள். விமானத்துக்கு 72 மணி நேரத்துக்குள் 'செக்-மிக்' படிவத்தை நிரப்ப வேண்டும். அது இலவசம்; காசு கேட்கும் தளம் போலி.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். பொகோட்டாவின் உயரத்தில் அந்த நோய் பரவுவதில்லை, நகரத்தை விட்டு இறங்காதவருக்கு ஆபத்தும் இல்லை. ஆனால் இந்திய அரசு நகரத்தைப் பார்ப்பதில்லை, நாட்டைப் பார்க்கிறது. கொலம்பியாவிலிருந்து திரும்புபவரிடம் சான்றிதழ் இல்லையென்றால் ஆறு நாள்வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும், அதன் பின் ஆயுள் முழுவதும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். நாள் குறித்துத்தான் போக வேண்டும், கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

திரும்பும் நாள் ஞாயிறு என்றால்?

ஞாயிறும் விடுமுறை நாள்களும் காலை 7 முதல் பிற்பகல் 2 வரை 'சிக்லோவியா': கரேரா 7 உட்பட 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலைகளில் கார்களை நிறுத்திவிட்டுச் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விடுகிறார்கள். ஊரில் பார்க்க வேண்டியவற்றில் முதன்மையானது அது என்றே சொல்லலாம். ஆனால் விமானம் பிடிக்கிறவருக்கு வழி சுற்றும். ஹோட்டல் வாசலுக்கு அன்று கார் வருமா, எந்த முனையில் ஏற வேண்டும் என்று முந்தின இரவே ரிசப்ஷனில் கேட்டு, வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்.